காற்றைப் பார்த்து உட்கார்ந்தவர்கள்

மச்சினன் போனில் இரண்டு முறை இருமினான். இரண்டும் ஒரே இருமலாக இருந்தது.

அது தச்சனின் காதில் மட்டும்தான் விழுந்தது. மதியச் சாப்பாடு முடிந்த நேரம். யாரோ ஒருவர் வீட்டு அலமாரிக் கதவுக்கு அவன் சாப்பாட்டு மேசையிலேயே அளவு குறித்துக்கொண்டிருந்தான். மனைவி போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, ஈரக் கையைத் துடைக்கவும் மறந்து, பாத்திரம் கழுவும் தொட்டியருகே நின்றாள். "அக்கா, நீயும் மாமாவும் வாங்க," என்றது அவள் தம்பியின் குரல். பிறகு ஒரு இருமல். தொண்டையில் ஏதோ சிக்கி, அதை விழுங்கி, மூக்கால் காற்றை இழுக்கிற இருமல். "எல்லாரும் வந்திருக்காங்க. கடைசி மேடை வரைக்கும் வாங்க." அவள் சாப்பிட்டாயா, உடம்பு எப்படி இருக்கிறது, ஏன் இத்தனை நாள் என்று மூன்று கேள்விகளை ஒரே மூச்சில் கேட்டாள். பதிலுக்கு அதே வாக்கியங்கள் வந்தன. அக்கா என்பதில் அதே இழுப்பு, அதே இடத்தில் இருமல், அதே விழுங்கல், மூக்கில் அதே காற்று. அத்தோடு போன் நின்றுவிட்டது.

மனைவிக்கு அக்கா என்ற ஒரு சொல்தான் கேட்டிருக்க வேண்டும். எட்டு மாதமாக அந்தச் சொல் இந்த வீட்டுக்குள் வரவில்லை. வராமல் செய்தவளும் அவளேதான். தாய் இறந்தபோது தம்பிக்கு மூன்று வயது, அவளுக்குப் பதினேழு. இடுப்பில் தூக்கி வளர்த்த பிள்ளை நல்ல வங்கி வேலையை உதறிவிட்டு, நகரத்துக்கு வெளியே இருக்கும் சதுப்புநிலப் பூங்காவில் பராமரிப்பாளனாகப் போய்ச் சேர்ந்தபோது அவளால் தாங்க முடியவில்லை. உறவுக்காரர்கள் நிறைந்த ஒரு விருந்தில், எல்லார் காதிலும் விழ, இனிமேல் என்னை அக்கா என்று கூப்பிடாதே என்று சொல்லிவிட்டாள். கூப்பிடாதே என்றால் கூப்பிடாமலே இருந்துவிடுகிற பிள்ளை அவன். அவளுடைய வளர்ப்பு அப்படி.

"கெளம்புங்க," என்றாள் கணவனிடம். கண் நிறைந்திருந்தது, வாய் சிரித்தது. எல்லாரும் வந்திருக்கிறார்களாம், சொந்தக்காரர்களை எல்லாம் கூட்டி வைத்துக்கொண்டு சமாதானம் பேசப் போகிறான், திமிரைப் பார் என்றாள். அப்படிச் சொல்லிக்கொண்டே தம்பிக்கு என்று ஒரு டப்பாவில் சாப்பாடு கட்டினாள்.

தச்சனின் நிலைமை வேறு. அவன் இந்த எட்டு மாதமும் மச்சினனோடு பேசிக்கொண்டுதான் இருந்தான், மனைவிக்குத் தெரியாமல். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். அவன் மறைத்தது நாற்பது கொக்கு.

மச்சினனுக்கு அவன் வைத்த பெயர் நாரை. ஆறடிக்கு மேல் உயரம், அதில் பாதி கழுத்து. நாரை ஒருநாள் தலையைக் குனிந்து பட்டறைக்குள் நுழைந்து, மரத்தில் கொக்கு செய்து தர முடியுமா மாமா என்று கேட்டான். பூங்கா இருக்கும் இடம் முப்பது வருடம் நகரத்தின் குப்பையும் சாக்கடையும் போய்ச் சேர்ந்த பள்ளம். குப்பையை அள்ளி, தண்ணீரைத் தெளியவைத்து, நாணல் நட்டு, நடப்பதற்குப் பலகைப் பாதை போட்டு, எல்லாம் முடிந்துவிட்டது, பறவைதான் வரவில்லை. மேலே போகிற கொக்குகள் குனிந்து பார்க்கும், இறங்காது. தன் இனம் ஏற்கனவே நிற்கிற இடத்தில்தான் கொக்கு நம்பி இறங்குமாம். ஆகவே மரக்கொக்குகளைத் தண்ணீரில் நிறுத்தி, பக்கத்தில் ஸ்பீக்கர் கட்டி, வேறு ஏரியில் பதிவு செய்த குரலைத் திரும்பத் திரும்பப் போட வேண்டும். தச்சன் சிரித்துவிட்டான். கொக்கு தலையில் வெண்ணெய் வைத்துப் பிடிக்கிற கதையாக இருக்கிறதே என்றான். வெண்ணெய்க்கு எங்கே போவது, மரம்தான் உங்கள் பட்டறையில் சும்மா கிடக்கிறதே என்றான் நாரை.

சமையலறை அலமாரி செய்து மிஞ்சிய துண்டுகளில் நாற்பது கொக்குகள் உருவாயின. வெள்ளைப் பூச்சு, இரும்புக் கம்பிக் கால், கண்ணுக்குச் சோபா மெத்தையில் அடிக்கிற கறுப்புக் குமிழ் ஆணி. எல்லாவற்றையும் காற்று வருகிற பக்கம் பார்த்து நிறுத்த வேண்டும் என்று நாரை சொல்லிக் கொடுத்தான். இறகு கலையாமல் இருக்க உயிருள்ள பறவை அப்படித்தான் நிற்குமாம். ஏழாவது வாரம் நிஜக் கொக்குகள் மூன்று முறை வட்டமடித்து இறங்கின. நாரை போனில் அழுதான். தச்சனும் பட்டறைக் கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்சம் அழுதான், அதையும் வீட்டில் சொல்லவில்லை.

இரண்டு வாரத்துக்கு முன்னால் நாரை கடைசியாகப் பேசினான். நாற்பதுதானே கொடுத்தீர்கள் என்று கேட்டான். இங்கே நாற்பத்து மூன்று நிற்கிறது என்றான். அந்த மூன்றைக் கிட்டப் போய்ப் பார்க்கப் பிடிக்கவில்லை என்றும் சொன்னான். தச்சன் அதைக் கிண்டல் என்று நினைத்து, குட்டி போட்டிருக்கும் என்று பதிலுக்குக் கிண்டல் செய்தான்.

இப்போது அலமாரிக் கதவின் மேல் பென்சிலை வைத்துவிட்டு அவன் அந்த இருமலை நினைத்துப் பார்த்தான். திரும்பத் திரும்பப் போடுகிற பதிவில் மட்டும்தான் இருமல் அப்படி இருக்கும். அதை மனைவியிடம் சொல்ல வேண்டும் என்றால் பதிவு எப்படித் தெரியும் என்பாள், நாற்பது கொக்கும் ஒவ்வொன்றாக வெளியே வரும். அவள் முகத்தில் எட்டு மாதம் கழித்து வந்திருந்த வெளிச்சத்தைப் பார்த்தான். போன் லைன் கோளாறாக இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வேன் சாவியை எடுத்தான்.

பூங்காவுக்கு அவர்கள் போய்ச் சேர்ந்தபோது நாலரை மணி. வானம் அழுக்குச் சாம்பல் நிறத்தில் தாழ்ந்து தொங்கியது. டிக்கெட் கொடுக்கும் பெண் கூண்டுக்குள் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மூன்று நாளாக மழை, ஒருவரும் வரவில்லை, நீங்கள்தான் முதல் ஆள் என்றாள். என் தம்பிதான் இங்கே பராமரிப்பாளன், எங்கள் சொந்தக்காரர்கள் உள்ளே இருக்கிறார்களே என்றாள் மனைவி. அந்தப் பெண் கூண்டிலிருந்து தலையை நீட்டிப் பாதையைப் பார்த்தாள்.

"இந்த ஒரு கேட்டுதான்," என்றாள். "யாரும் வரல. உங்க தம்பிகூட மூணு நாளா வெளிய வரல. ஆனா உள்ளதான் இருக்கார். கூப்பிட்டா குரல் குடுக்கறார்."

"என்ன சொல்றான்?"

"எல்லாரும் வந்திருக்காங்கன்னு."

மனைவி கணவனைப் பார்த்துச் சிரித்தாள், பாருங்கள் நான் சொல்லவில்லையா என்கிற சிரிப்பு. ஆறு மணிக்குக் கேட்டைப் பூட்டிவிடுவேன் என்று அந்தப் பெண் பின்னாலிருந்து சொன்னாள்.

பலகைப் பாதை தண்ணீருக்கு ஒரு முழம் மேலே வளைந்து வளைந்து போயிற்று. இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு நாணல், அதன் அடியில் கறுத்த தண்ணீர், தண்ணீருக்குள்ளிருந்து எப்போதாவது ஒரு குமிழி மேலே வந்து, உடைவதா வேண்டாமா என்று யோசிப்பது மாதிரி நின்று, பிறகு சத்தமில்லாமல் உடைந்தது. மழை நனைத்த பலகையின் வாசனையும் அழுகிய தழையின் வாசனையும் தச்சனுக்குத் தெரிந்தவை. மூன்றாவதாக ஒன்று இருந்தது. ரொம்ப நாள் பூட்டிக் கிடந்த வீட்டைத் திறக்கும்போது முதலில் வருகிற வாடை. திறந்த வெளியில், காற்றில், அது எப்படி வரும் என்று அவனுக்குப் புரியவில்லை.

முதல் குளத்தில் அவனுடைய கொக்குகள் நின்றன. தான் செய்ததைத் தண்ணீரில் அவன் அன்றுதான் முதல் முறையாகப் பார்த்தான், நெஞ்சு நிமிர்ந்தது. பிறகு பாதைக்குப் பக்கத்தில் நின்ற ஒன்றைப் பார்த்தான். கை எட்டும் தூரம். அது அவன் செய்ததில்லை.

மரவேலைக்காரனுக்குத் தன் உளி தெரியும். இதில் உளியே படவில்லை. மண்ணைக் குழைத்து, வளையம் வளையமாக, ஒன்றின் மேல் ஒன்றாக ஏற்றி, குளவி கூடு கட்டுவதைப் போலக் கட்டியிருந்தது. கழுத்தின் வளைவு, அலகின் கூர், எல்லாம் அவனுடைய கொக்கின் அளவுதான், நூல் பிசகவில்லை. அவன் ஒரு கொக்கின் வாலில் கை தவறி உளியை இறக்கியிருந்தான். அந்தத் தழும்பும்கூட மண்ணில் இருந்தது. மண் இன்னும் ஈரமாக இருந்தது.

"யாரு செஞ்சாங்களோ, அச்சு அசல் கொக்கு," என்றாள் மனைவி.

அவன் வாயைத் திறந்தான். இது என்னுடையது இல்லை என்று சொல்ல, மற்றதெல்லாம் யாருடையது என்று முதலில் சொல்ல வேண்டும். "நல்லாத்தான் செஞ்சிருக்காங்க," என்று சொல்லிவிட்டு நடந்தான்.

கொக்குகளின் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது, கரகரவென்று, பத்து எண்ணுவதற்குள் ஒரு தரம். ஆனால் நிஜக் கொக்கு ஒன்றுகூட அந்தப் பக்கம் இல்லை. அவை எல்லாம் நுழைவாசல் பக்கத்து மதில் மேல், பின்னால், ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தன. ஸ்பீக்கர் கட்டிய கம்பத்தை அவர்கள் கடந்தார்கள். கம்பத்தில் பெட்டி திறந்து தொங்கியது. உள்ளே மண் அடைத்திருந்தது, கம்பிகள் அறுந்து வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. குரல் அங்கிருந்து வரவில்லை. நாணலுக்குள்ளிருந்து, தாழ்வாக, தண்ணீர் மட்டத்திலிருந்து வந்தது.

அவன் நின்றான். குரலும் நின்றது. நடந்தான். பத்து எண்ணுவதற்குள் மறுபடி வந்தது, இந்தத் தரம் கொஞ்சம் கிட்டே.

திரும்பிவிடலாம் என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தான். மழை வரும் போலிருக்கிறது, வேனில் மரத்தை மூடாமல் வந்துவிட்டேன் என்றான். மனைவி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சாப்பாட்டு டப்பாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, எல்லாரும் இருக்கும்போது முதலில் நான் பேசுவதா அவன் பேசுவதா என்று கேட்டாள். அவள் அதை ரொம்ப நாளாக யோசித்து வைத்திருந்தாள் என்று அவனுக்குத் தெரிந்தது.

இரண்டாவது குளத்தில் அவனுடைய கொக்குகளுக்குக் கண் இல்லை. இருபது கொக்குகள், இருபதிலும் குமிழ் ஆணி பிடுங்கப்பட்டிருந்தது. வெள்ளைப் பூச்சில் சின்னச் சின்ன ஓட்டை, ஓட்டையிலிருந்து கீழே மழைநீர் இறங்கிய கோடு. ஆணி பிடுங்க ஒரு சுத்தியல் வேண்டும், இல்லாவிட்டால் பல் வேண்டும். அவன் சுத்தியலைப் பற்றியே நினைத்துக்கொண்டு மனைவியை வேகமாக நடக்கச் சொன்னான்.

பாதை பாதியில் ஒரு பலகைக் குடிலுக்குள் நுழைந்து வெளியேறியது. பறவைகளுக்குத் தெரியாமல் மனிதர்கள் ஒளிந்திருந்து பார்ப்பதற்காகக் கட்டிய குடில். உள்ளே ஒரு நீளப் பெஞ்சு, கண் உயரத்தில் வரிசையாகக் குறுகலான ஜன்னல்கள், ஒவ்வொன்றுக்கும் கீழிருந்து மேலே தூக்குகிற பலகைக் கதவு. பூட்டிய வீட்டு வாடை இங்கே கனமாக இருந்தது. பெஞ்சின் மேல் ஈர மண் வழவழவென்று தேய்ந்து, பளபளத்தது. ஜன்னல் விளிம்புகளிலும் அதே மண், எதையோ அதன் மேல் வைத்து அழுத்தி அழுத்தி வெளியே பார்த்த மாதிரி. ஏதோ ஒன்று மாதக்கணக்காக இங்கிருந்து பார்த்திருக்க வேண்டும். நாரை தண்ணீரில் இறங்கி ஒவ்வொரு கொக்காக நட்டதை. காற்றைப் பார்த்துத் திருப்பி வைத்ததை. ஸ்பீக்கர் கட்டியதை. மேலே போன கூட்டம் வட்டமடித்து, நம்பி, இறங்கியதை.

"அதோ," என்றாள் மனைவி. குரல் உடைந்தது. "அதோ இருக்காங்க பாருங்க."

அவளுக்குப் பின்னால் நின்று அவனும் ஜன்னல் வழியே பார்த்தான். தண்ணீருக்கு அப்பால், பாதை முடிகிற இடத்தில், கடைசி மேடை தெரிந்தது. அதன் வலப் பக்கத்து ஓரத்தில் இதே மாதிரி இன்னொரு குடில், கதவுகள் எல்லாம் மூடியிருந்தன. மேடையில் பெஞ்சுகள் போட்டு எட்டு ஒன்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவருக்குத் தொப்பி, ஒருவருக்கு ஊதாச் சால்வை, ஒருவருக்கு மூக்குக்கண்ணாடி. நடுவில், மற்றவர்களைவிட ஒரு தலை உயரமாக, நீல மழைக்கோட்டில், நீண்ட கழுத்தோடு ஒருவன்.

ஊதாச் சால்வை சித்தியாகத்தான் இருக்கும் என்றாள் மனைவி. ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி ஆட்டினாள். யாரும் பதிலுக்குக் கை ஆட்டவில்லை. யாரும் பேசிக்கொள்ளவில்லை. ஒருவர்கூட அசையவில்லை. காற்று தண்ணீரின் குறுக்கே, வலப் பக்கத்திலிருந்து வந்தது. ஒன்பது முகங்களும் வலப் பக்கம் பார்த்திருந்தன.

தச்சன் ஜன்னலிலிருந்து பின்வாங்கினான். அவள் தோளைப் பிடித்துத் திருப்பினான்.

"அது நம்ம ஆளுங்க இல்ல."

"பின்னே யாரு?"

"உக்கார்ந்திருக்கற விதத்தப் பாரு. எல்லாரும் காத்தப் பாத்து. அப்படித்தான் நிறுத்தணும்னு அவன் என்கிட்ட சொன்னான்."

"எவன்? எப்ப சொன்னான்?"

சொல்லிவிட்டான். பட்டறைக்கு வந்தது, நாற்பது கொக்கு, ஏழாவது வாரம், போனில் அழுதது, எல்லாவற்றையும் ஒன்றின் மேல் ஒன்றாகக் கொட்டினான். முக்கியமானதைக் கடைசிக்கு வைத்தான். அதுதான் அவன் செய்த பிசகு. நாற்பத்து மூன்றுக்கும், இருமலுக்கும், அறுந்த கம்பிக்கும் வந்து சேர்வதற்குள் அவள் கேட்பதை நிறுத்தியிருந்தாள். அவள் முகத்தில் இருந்த வெளிச்சம் போய்விட்டது. அவள் தன்னை அப்படிப் பார்த்து அவன் கண்டதில்லை.

"எட்டு மாசம்," என்றாள். "ராத்திரி ராத்திரி உக்காந்து அழுதேன். பக்கத்துலதான் படுத்திருந்தீங்க."

"தப்புதான். வீட்டுக்குப் போய் என்ன வேணா திட்டு. இப்ப வா."

"இப்பக்கூட நான் அவன்கிட்ட போயிடக் கூடாது உங்களுக்கு."

அவன் கையை உதறினாள். குடிலின் அடுத்த வாசல் வழியாக வெளியே போய், பலகை அதிர நடந்தாள். அவன் பின்னால் ஓடினான். ஈரப் பலகையில் கால் வழுக்கி முழங்கால் இடித்து விழுந்தான். எழுந்து பார்க்கும்போது பாதை வளைந்த இடத்தில் நாணல் அவளை மறைத்துவிட்டது.

அவள் காலடிச் சத்தம் முன்னால் கேட்டது. அதைப் பிடித்துக்கொண்டு ஓடினான். வளைவு. அதற்கப்பால் இன்னொரு வளைவு. வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது. ஐந்து நிமிடம் ஓடியிருப்பான், ஒரு மணி நேரத்து வெளிச்சம் போயிருந்தது.

"அக்கா," என்றது இடப் பக்கத்து நாணல்.

அவன் நிற்கவில்லை.

"அக்கா, நீயும் மாமாவும் வாங்க." வலப் பக்கம். இருமல். விழுங்கல். "அக்கா." முன்னால். "அக்கா." பலகைக்கு நேர் அடியில், அவன் பாதத்துக்குக் கீழே. எட்டு மாதம் கூப்பிடாத கூப்பாடெல்லாம் சேர்த்துக் கூப்பிடுவது மாதிரி அது கூப்பிட்டது.

பிறகு மனைவியின் குரல் கேட்டது, தூரத்தில், தெளிவாக. அவள் அழுதுகொண்டே பேசினாள்.

"கோவமெல்லாம் எப்பவோ போயிடுச்சு. நான் வந்துட்டேன். இங்கதான் இருக்கேன்."

அவனுக்கு உயிர் வந்தது. பேசுகிறாள். பேசுகிறவரைக்கும் பயமில்லை. அவள் பெயரைச் சொல்லிக் கத்தினான். பதில் இல்லை. காலடிச் சத்தமும் இல்லை. நாணல் உட்பட எல்லாம் ஓய்ந்தது.

மேடை.

சாப்பாட்டு டப்பா பலகையில் கவிழ்ந்து கிடந்தது. மூடி தனியாக. பெஞ்சுகளில் எல்லாரும் அவனுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார்கள். மழைக்கோட்டுக்குப் பக்கத்தில் மனைவி. அவளுடைய கூந்தல், அவளுடைய தோள். மற்றவர்கள் மாதிரியே அசையாமல்.

கோபமாக இருக்கிறாள் என்று நினைத்தான். கோபமாக இருக்கட்டும் என்று வேண்டினான்.

"எழுந்திரு," என்றான். "வா, போயிடலாம்."

அவள் திரும்பவில்லை.

பெஞ்சைச் சுற்றிக்கொண்டு முன்னால் போனான். முதலில் சால்வைக்காரி. சால்வை மட்டும்தான் துணி. முகம் மண், வளையம் வளையமாக. கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு கறுப்புக் குமிழ் ஆணி. அவனுடைய ஆணி. அடுத்து தொப்பி. இரண்டு ஆணி. மூக்குக்கண்ணாடி. இரண்டு ஆணி. யார் யாரோ பூங்காவில் மறந்துவிட்டுப் போன பொருள்களுக்கு அடியில் அது ஆள் செய்து வைத்திருந்தது.

மழைக்கோட்டை அவன் பார்க்காமல் இருக்கத்தான் பார்த்தான். முடியவில்லை. பொத்தான்களுக்கு இடையே ஈர மண் பிதுங்கியிருந்தது. கழுத்து அவ்வளவு நீளம். மண்ணால் அவ்வளவு நீளம் கட்டினால் நிற்காது, உள்ளே எலும்பு மாதிரி ஏதாவது வேண்டும் என்று அவனுக்குள் இருந்த தச்சன் கணக்குப் போட்டான். அந்தக் கணக்கை அவன் முடிக்கவில்லை.

பிறகு மனைவி.

அவள் கால்கள் முழங்கால்வரை மண்ணாக இருந்தன. அதற்கு மேலே வயிறு, மார்பு, கைகள். வளையம், அதன் மேல் வளையம். ஒவ்வொன்றும் மெல்ல, அவன் கண் முன்னால், தானாக ஈரம் ஊறி ஏறிக்கொண்டிருந்தது. கைகள் மடியில் ஒன்றின் மேல் ஒன்றாக வைக்கப்பட்டிருந்தன. அவள் ஒருநாளும் அப்படி உட்கார்ந்ததில்லை. வாயின் மேல் ஒரு விரல் கனத்துக்கு மண் தடவி மெழுகியிருந்தது.

கண்களில் ஆணி இல்லை. அவை அவளுடைய கண்கள்.

அவன் முழங்காலிட்டு அவள் மடியிலிருந்த மண்ணை இரண்டு கையாலும் பிறாண்டினான். நகம் பெயர்ந்தது. பிய்த்த இடத்தில் உடனே ஈரம் ஊறியது. மறுபடி பிறாண்டினான். அவள் கண்கள் அவனைப் பார்த்தன. கோபம் துளியும் இல்லை. அவன் தோளைத் தாண்டிப் பின்னால் பார்த்தன. மறுபடி அவனை. மறுபடி பின்னால்.

முதுகுக்குப் பின்னால் குடிலில் ஒரு ஜன்னல் கதவு மேலே எழும் சத்தம். கீல் முனகியது. பூட்டிய வீட்டு வாடை அவன் பிடரியில் வந்து பட்டது.

"கோவமெல்லாம் எப்பவோ போயிடுச்சு," என்றது மனைவியின் குரல், குடிலுக்குள்ளிருந்து. அதே அழுகை. அதே மூச்சு. "நான் வந்துட்டேன். இங்கதான் இருக்கேன்."

எட்டு மாதமும் அவள் வாயிலிருந்து வர அவன் ஏங்கிய வார்த்தை அதுதான். உடம்பு தன்னால் அந்தப் பக்கம் திரும்ப முயன்றது.

அவள் கண்கள் வலமும் இடமுமாக ஆடின. வேண்டாம். வேண்டாம்.

"இங்கதான் இருக்கேன்."

இரண்டாவது கதவு எழுந்தது. மூன்றாவது. அவன் அவள் கண்களை விட்டுப் பார்வையை எடுக்கவில்லை. எடுத்தால் அவள் தனியாகப் போய்விடுவாள். வேண்டாம், வேண்டாம் என்று அவை ஆடிக்கொண்டே இருந்தன, கீழிமையின் மேல் ஈர மண்ணின் முதல் வளையம் ஏறியபோதும்.